முதல் பருவத் தேர்வில் ஏன் சறுக்குகிறார்கள்?

பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள், கல்லூரியில் முதல் பருவத்திலேயே இரண்டு மூன்று தாள்களைக் கோட்டை விடுவதை அடிக்கடி பார்க்கிறோம். பாடம் கடினம் என்பார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. பள்ளியில் மணி அடிக்கும், ஆசிரியர் நோட்டைத் திருத்துவார், வாராவாரம் தேர்வு நடக்கும், காலையில் வீட்டில் எழுப்பிவிடுவார்கள். கல்லூரியில் இத்தனையும் ஒரே நாளில் நின்றுவிடும். இந்த ஊன்றுகோல்களைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாக விலக்கிப் பழக்க வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்களின் எதிர்பார்ப்பு. வாரம் 15 மணி நேர வகுப்புக்கு 30 மணி நேரம் சொந்தப் படிப்பு, மொத்தம் 45. கால அட்டவணையில் கண்ணுக்குத் தெரிவது 15 மட்டும்தான். மீதியை ஓய்வு நேரம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இதற்குப் பயிற்சி எளிது. பதினோராம் வகுப்பில் ஒரே ஒரு பாடத்தை முழுக்கப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். யாரும் நினைவூட்டக் கூடாது. வாரம் ஒருநாள் இருபது நிமிடம் உட்கார்ந்து, செய்ய வேண்டிய வேலைகளையும் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் அவர்களே ஒரு நோட்டில் எழுதட்டும். முடித்ததும் உண்மையில் ஆன நேரத்தைப் பக்கத்தில் குறிக்கட்டும். மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். ஆறு வாரம் இப்படிக் குறித்தால், தன் கணக்கு எவ்வளவு தவறுகிறது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் பெற்றோரால்தான். ஒரு மாதத் தேர்வில் பத்து மதிப்பெண் குறைந்தவுடன் பொறுப்பைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பத்து மதிப்பெண்ணை வீட்டில் இருக்கும்போதே இழப்பது நல்லது. கல்லூரியில் அதே தவறுக்கு ஒரு பருவமே போகும்.

அடுத்தது படிக்கும் முறை. திரும்பத் திரும்ப வாசித்தால் மனதில் நிற்கும் என்பது வலுவான நம்பிக்கை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை அமர்ந்து படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்தோ கணக்கு தலைகீழ்: முதல் குழு 40, இரண்டாம் குழு 61. தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் வாசிக்கும் பிள்ளை ஏன் 'எல்லாம் தெரியும்' என்று நம்புகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவில் உள்ளதை எழுதி, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை.

தொழில் தேர்வு பற்றி. உளவியலாளர் ஜான் ஹாலந்து 1959-இல் முன்வைத்த ஆறு வகை ஆர்வங்களை ஒட்டிப் பல சோதனைகள் உள்ளன. அவை ஆர்வத்தை அளப்பவை, திறமையை அல்ல. பிள்ளைக்குத் தெரிந்த தொழில்களே பத்துப் பன்னிரண்டு என்றால் விடையும் அதற்குள்தான் சுற்றும். அதனால் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, வெவ்வேறு வேலை செய்யும் ஐந்து பேரிடம் ஆளுக்கு இருபது நிமிடம் பேசச் சொல்கிறோம். "உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில்தான் வரும். "நேற்று காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் வேலை தெரியும். மருத்துவராக விரும்பும் பலருக்கு எழுத்து வேலை எவ்வளவு என்பது தெரியாது. கணினித் துறைக்குப் போக நினைப்பவர்களுக்குப் பிறர் எழுதிய நிரலைப் படிப்பதுதான் பாதி நாள் வேலை என்பது தெரியாது.

பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால் கடைசித் தேதிக்கு நான்கு வாரம் முன்பே ஆசிரியரிடம் கேட்க வேண்டும். செய்த பணிகளை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் யாருக்கும் பொருந்தும் பொதுவான கடிதம்தான் கிடைக்கும்.

கடைசியாகப் பணம். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். விடுதி, உணவு, பயணம், புத்தகம் எல்லாம் கூட்டி, படிப்பு முடியும் ஆண்டு வரை எழுதிப் பாருங்கள். 10 சதவீதக் கூட்டு வட்டியில் முதல் நாளே வாங்கிய கடனை நான்கு ஆண்டு கட்டாமல் விட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். உதவித்தொகை கிடைத்தால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எத்தனை ஆண்டுக்கு? எவ்வளவு மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும்? நின்றால், மதிப்பெண் ஏறியபின் திரும்பக் கிடைக்குமா?