மொழி வரவில்லை என்றால் மூளையைக் குறை சொல்லாதீர்கள்

"டாக்டர், என் மூளையில மொழிக்கான இடம் சின்னதா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க." இப்படிக் கேட்டபடி, என்னிடம் வந்த ஒருவர் எப்போதோ தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தை மேசைமேல் வைத்தார். படத்தில் ஒரு கோளாறும் இல்லை. நான்கு மாதமாக ஜெர்மன் படிக்கிறார், வாயில் நுழையவில்லை. அதுதான் கவலை. இந்த மாதத்தில் இப்படிக் கேட்பவர் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

மூளை அமைப்புக்கும் மொழி கற்பதற்கும் தொடர்பு உண்டு, மறுக்கவில்லை. நமக்கு 'பட்டு' வேறு, 'பத்து' வேறு. ஆனால் ட, த ஒலிகளைப் பிரித்துக் கேட்பது பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரும்பாடு. இந்தி மொழியின் இவ்வகை ஒலிகளை அவர்களுக்குப் பழக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. சீக்கிரம் பிடித்துக்கொண்டவர்களுக்கு மூளையில் ஒலியைக் கையாளும் இடப்பக்கச் செவிப்புலப் பகுதியில் வெண்பொருள் (நரம்பிழைகள் நிறைந்த பகுதி) சராசரியாக அதிகம் இருந்தது. சராசரியாக! இந்தச் சொல்லைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு குழுவின் சராசரியை வைத்து, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஜோசியம் சொல்ல முடியாது. தவிர, இரண்டு ஒலிகளைப் பிரித்துக் கேட்பது மட்டும் ஒரு மொழி ஆகிவிடாது.

அடுத்து எமில் கிரெப்ஸ் கதையைக் கொண்டுவருவார்கள். 1930இல் இறந்த ஜெர்மானிய மொழிபெயர்ப்பாளர். அறுபதுக்கு மேல் மொழிகள் அறிந்தவராம். பாதுகாத்து வைத்திருந்த அவர் மூளையை ஆராய்ந்து 2004இல் கட்டுரை வெளியிட்டார்கள். பேச்சுக்குப் பொறுப்பான புரோக்கா பகுதியின் செல் அடுக்குகள் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருந்தன. "பார்த்தீர்களா, பிறவி வரம்!" என்கிறார்கள். இறந்தபின் எடுத்த மூளை ஐயா அது! அறுபது வயதைத் தாண்டும்வரை மொழிகளோடு வாழ்ந்தவரின் மூளை. அந்த வேறுபாடு கூடவே பிறந்ததா, படித்துப் படித்து உண்டானதா? அந்த மூளையைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது.

மூளை சிமெண்டுத் தரை இல்லை. ஸ்வீடன் ராணுவத்தின் மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் சேர்ந்த இளைஞர்களை, தொடங்கும் முன்பும் மூன்று மாதம் தீவிரமாகப் படித்த பின்பும் ஸ்கேன் செய்தார்கள். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸின் கன அளவு கூடியிருந்தது, மூளையின் மேலடுக்கான புறணியின் சில இடங்கள் தடித்திருந்தன. அதே அளவு கடினமாக வேறு பாடம் படித்த மாணவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2012இல் வெளிவந்த முடிவு இது. பெரிதாக இருந்ததால் கற்றார்கள் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பகுதி, கற்றதால் பெரிதானது.

ஆகவே, மொழி வருமா என்று பார்க்க ஸ்கேன் எடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரியை நாங்கள் எழுதுவதும் இல்லை. விரல் ரேகையைப் பார்த்துக் குழந்தையின் மொழித்திறனைச் சொல்கிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள், அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. "உனக்கு மொழி மண்டை இல்லை" என்று பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை நாற்பது வயதுவரை சுமந்துகொண்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

தாய்மொழியிலேயே பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென நாக்குக் குழறினாலோ, சொல் கிடைக்காமல் தடுமாறினாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஸ்கேன் தேவைப்படுவது அங்கேதான்.