காட்டுப்பன்றிக்கு ரொட்டி போடாதீர்கள்: மான் மூளை சொல்லும் காரணம்

"டாக்டர், அந்த ஸோம்பி மான் நோய் இங்கேயும் வந்துவிட்டதா?" நாய்க்குத் தடுப்பூசி போட வருகிறவர்கள்கூட இப்போதெல்லாம் இதைக் கேட்கிறார்கள். எலும்பும் தோலுமான ஒரு மான் எச்சில் வடிய நிற்கும் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இல்லை, வரவில்லை. சிங்கப்பூரில் எந்த மானிடமும் இந்த நோய் கண்டறியப்பட்டதில்லை. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான பதிவு உலகில் எங்கும் இல்லை. இதைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் கேட்கிறவர்களில் சிலர், சாயங்காலம் பூங்கா ஓரத்தில் காட்டுப்பன்றிக்கு ரொட்டி போடுகிறவர்கள். அவர்களுக்கு இந்த மான் கதை முழுதாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

1967ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆய்வுக்காக அடைத்து வளர்த்த மான்கள் காரணம் தெரியாமல் இளைக்கத் தொடங்கின. தலை தொங்கியது, காது சரிந்தது, ஓயாமல் தண்ணீர் குடித்தன. 1978ல்தான் இது மூளையை அரிக்கும் நோய் என்று புரிந்தது. 1981ல் காட்டில் திரிந்த எல்க் மானிடமும் கண்டார்கள். இன்று அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. கனடாவிலிருந்து வாங்கிய மான்களோடு தென்கொரியாவுக்குப் போனது. 2016ல் நார்வேயின் காட்டு ரெயின்டீர் மான் ஒன்றிடம் தென்பட்டது. அந்தக் கூட்டத்தையே, 2,000க்கும் அதிகமான ரெயின்டீர்களை, சுட்டு அழித்தார்கள்.

இதற்குக் காரணம் பாக்டீரியாவும் அல்ல, வைரஸும் அல்ல. பிரியான் என்ற புரதம். நம் எல்லோர் மூளையிலும் இருக்கும் ஒரு சாதாரணப் புரதம் மடிப்பு மாறிப்போகிறது. மாறியது பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போலவே மாற்றிவிடுகிறது. அதற்கு உயிர் இல்லை, மரபணுவும் இல்லை. 1982ல் இதற்குப் பெயர் வைத்த விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினரை முதலில் பலர் நம்பவில்லை. 1997ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நாய், பூனை வைத்தியத்துக்கு வருமுன் நான் பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பிரியான் சோதனைக்கு மூளை எடுப்பதே ஒரு தனிப் பழக்கம். தலையைக் கழுத்திலிருந்து பிரித்துக் கவிழ்த்து வைப்போம். மண்டையோட்டின் பின்பக்கத் துளை வழியாக நீளமான கரண்டி போன்ற கருவியை விட்டு, மூளைத்தண்டைச் சிதையாமல் சுழற்றி எடுக்க வேண்டும். அதில் 'வி' வடிவத்தில் ஒரு மடிப்பு தெரியும். ஓபெக்ஸ் என்போம். விரல்நுனி அளவுதான் இருக்கும், மூளைக்கு நோய் வந்திருந்தால் அங்கேதான் முதலில் கண்ணில் படும். பாதியை அப்படியே உறையவைப்போம், மறுபாதியை, திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போடுவோம். சரி, ஃபார்மலினில் ஊறினால் எந்தக் கிருமியும் செத்துவிடும் அல்லவா? பிரியான் சாகாது. சமைக்கிற சூடெல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை. 134 டிகிரி அழுத்த நீராவியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். நோய்ப்பட்ட திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நரம்பணுக்களுக்குள் வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள் இருக்கும், பஞ்சைப்போல.

காட்டில் இது எப்படிப் பரவுகிறது என்பதுதான் முக்கியம். மானின் எச்சில், சிறுநீர், சாணம் எல்லாவற்றிலும் பிரியான் வெளியே வருகிறது. அதுவும் மான் பார்க்க ஆரோக்கியமாக இருக்கும்போதே. கீழே விழுந்தது களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கிறது. நோயுற்ற மானின் சடலம் மக்கிய அடைப்பில், ஏறத்தாழ 2 ஆண்டு கழித்து நல்ல மான்களை விட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கும் நோய் வந்தது. காட்டில் மான்கள் சிதறி மேயும். மனிதர் ஓரிடத்தில் சோளத்தைக் கொட்டினாலோ உப்புக்கட்டி வைத்தாலோ, நாலு திசையிலிருந்தும் வந்து ஒரே இடத்தில் வாய் வைக்கும். ஒன்றின் எச்சில் இன்னொன்றின் வாய்க்குப் போகும். அதனால்தான் அமெரிக்காவில் பல மாநிலங்கள் நோய்ப் பகுதிகளில் மானுக்குத் தீனி போடுவதையே தடை செய்துவிட்டன.

தீனியால் வந்த இன்னொரு பெருந்துயரம் உங்களுக்கு நினைவிருக்கும், 'மேட் கவ்' என்று செய்திகளில் அடிபட்ட நோய். 1986ல் பிரிட்டனில் அடையாளம் கண்டார்கள். இறந்த மாடு, ஆட்டின் கழிவை அரைத்த இறைச்சி எலும்புத் தூளைப் புல் தின்னும் மாட்டுக்கே தீவனமாகக் கொடுத்ததன் விளைவு அது. 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகள் நோயுற்றன. அந்த இறைச்சி வழியாக மனிதருக்கும் வந்து, பிரிட்டனில் மட்டும் 178 பேர் இறந்தார்கள். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. பிரிட்டன் விலங்குத் தோட்டங்களில் இருந்த நியாலா, குடூ போன்ற ஆப்பிரிக்க மான்களும் அதே தீவனத்தால் செத்தன. சிவிங்கிப்புலி (சீட்டா), பூமா போன்ற பூனை இன விலங்குகளுக்கு மாட்டின் முதுகெலும்புப் பகுதிகளைப் பச்சையாகப் போட்டிருந்தார்கள். அவற்றுக்கும் அதே மூளை நோய். எந்த விலங்கும் தானாகப் போய் அந்த நோயைத் தேடிக்கொள்ளவில்லை. ஊட்டியது மனிதக் கைதான்.

நம் ஊருக்கு வருவோம். மண்டாய்ப் பக்கம் கடமான் திரிகிறது, நீர்ப்பிடிப்புக் காட்டில் சருகுமான் இருக்கிறது, பொங்கோல், பாசிர் ரிஸ் போன்ற பேட்டைகளின் ஓரத்துக்கே காட்டுப்பன்றி வருகிறது. பிரியான் இல்லாவிட்டாலும் விலங்குவழி நோய் நமக்குப் புதிதல்ல. 1999 மார்ச்சில் மலேசியாவிலிருந்து வந்த பன்றிகள் வழியாக நிப்பா வைரஸ் இங்குள்ள இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார். வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதருக்கு என்று வந்த நோய் அது. 2023 பிப்ரவரியில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றியிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது, சிங்கப்பூரில் முதன்முறையாக. மனிதருக்கு அது வராது. ஆனால் பன்றி இறைச்சியில் அந்த வைரஸ் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். மிச்ச உணவைக் காட்டோரத்தில் வீசுவது ஏன் விளையாட்டல்ல என்று இப்போது புரியும்.

"பாவம் டாக்டர், குட்டிகளோடு வருது, பசிக்காதா?" என்று என்னிடம் கேட்ட ஆண்ட்டியின் மனசு எனக்குத் தெரியும். அவர் வீட்டுப் பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் விதத்தை வருடக்கணக்கில் பார்க்கிறேன். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: "காட்டில் அதுக்குக் கிழங்கு இருக்கு, உதிர்ந்த பழம் இருக்கு ஆண்ட்டி. நீங்க போடுற ரொட்டி அதுக்குப் பசி தீர்க்கறதில்லை, நாலு கூட்டத்தை ஒரே இடத்துக்கு வரவைக்குது." பை என்றால் இரை என்று பழகிய பன்றி, பை வைத்திருக்கிற குழந்தையையும் விரட்டும். வனவிலங்குச் சட்டத்தின்கீழ் உணவூட்டுவதற்கு முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடியும் என்றால் 10,000 வரை. சட்டத்துக்குப் பயந்து நிறுத்தினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

அப்புறம், நாய் கடிக்கக் கொடுக்கும் மான்கொம்பு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நாய்க்குப் பிரியான் எளிதில் ஒட்டாது. பல் உடைவதுதான் அதில் நான் பார்க்கிற பிரச்சினை. பூனை விஷயம் வேறு, பூனை இனத்துக்குப் பிரியான் நோய் வந்த வரலாறு இருக்கிறது. பச்சை மான் இறைச்சி கொடுப்பவர்கள் எந்த நாட்டுச் சரக்கு என்று பார்த்து வாங்குங்கள். நியூசிலாந்தில் இந்த நோய் இல்லை. சீன மருந்துக்கடையில் இளங்கொம்பு வாங்கும் பெரியவர்களும் இதே கேள்வியைக் கேட்கலாம். நோயுற்ற எல்க் மானின் இளங்கொம்புத் தோலில் பிரியான் இருந்ததை ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

நடைபாதையில் செத்த பன்றியோ, தள்ளாடும் மானோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், நாயை முகரவிடாதீர்கள். தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து, பக்கத்து விளக்குக் கம்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600க்கு அழையுங்கள்.