ஒருவர் சேமிப்பு, இன்னொருவர் கடன்

2008 பொருளாதார நெருக்கடிக்கு வங்கிகளின் பேராசை மட்டும்தான் காரணமா, வருமான ஏற்றத்தாழ்வுக்கும் அதில் பங்கு உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

அமெரிக்க வருமான வரிக் கணக்குகளை ஆண்டுவாரியாகத் தொகுத்த பொருளியலாளர்கள் தாமஸ் பிக்கெட்டி, இமானுவேல் சயஸ் ஆகியோரின் வரைபடத்தில் இரண்டு சிகரங்கள் தெரிகின்றன. 1928, 2007 ஆகிய அந்த ஆண்டுகளில், மூலதன ஆதாயத்தையும் (பங்கு, சொத்து போன்றவற்றை விற்றுக் கிடைக்கும் லாபம்) சேர்த்தால், நாட்டின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு உச்சியிலுள்ள 1 சதவீதத்தினரிடம் சேர்ந்தது. 1929இல் வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தை சரிந்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானது.

ஏற்றத்தாழ்வுக்கும் நெருக்கடிக்கும் இடையில் நடப்பது என்ன? மாதம் 3,000 டாலர் ஈட்டும் குடும்பத்துக்கு வாடகை, உணவு, மருத்துவம் போக மிஞ்சுவது சொற்பம். 3 லட்சம் டாலர் ஈட்டும் குடும்பமோ நூறு மடங்கு சாப்பிடப் போவதில்லை. மிச்சப் பணம் வைப்புத்தொகையாகவும் கடன் பத்திரமாகவும் மாறுகிறது. ஒவ்வொரு கடன் பத்திரத்தின் மறுமுனையிலும் கடன் வாங்கிய ஒருவர் இருந்தே ஆக வேண்டும். 2007 வரையிலான கால் நூற்றாண்டில் அந்த மறுமுனையில் பெரும்பாலும் இருந்தவர்கள், ஊதியம் உயராத நிலையிலும் வீடு வாங்க விரும்பிய குடும்பங்கள். சர்வதேச நாணய நிதியத்தில் பணியாற்றிய மைக்கேல் கும்ஹோஃபும் ரொமைன் ரான்சியேயும் 2010இல் இந்தத் தொடர்பை ஒரு கணித மாதிரியாக வடித்தனர். கீழுள்ள 95 சதவீதத்தினரின் கடன் 1983இல் அவர்களது ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ 60 சதவீதமாக இருந்து, 2007இல் 140 சதவீதத்தைத் தாண்டியது. மேலுள்ள 5 சதவீதத்தினருக்கு அப்படி ஏறவில்லை. மேலே குவிந்த சேமிப்பும் கீழே குவிந்த கடனும் ஒரே பணத்தின் இரு பக்கங்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கணக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தக் கடன் ஒன்றை அருகில் சென்று பார்ப்போம். 30 ஆண்டுக் கடனில் முதல் 2 ஆண்டுகளுக்கு மட்டும் குறைந்த வட்டி. பிறகு சந்தை நிலவரப்படி வட்டி மாறும். 2 லட்சம் டாலருக்கு 7 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 1,330 டாலர். வட்டி 10 சதவீதமானதும் அது சுமார் 1,740 டாலர் ஆகிவிடும். வீட்டு விலை ஏறும்வரை பழைய கடனைப் புதுக் கடனால் அடைத்துத் தப்பிக்கலாம். 2006இல் விலை இறங்கத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. தவணை கட்ட முடியாதவர்கள் வீட்டை இழந்தார்கள். பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு இழப்பு வந்தது. கடனில் நின்ற குடும்பங்கள் செலவைச் சுருக்க, கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலைகள் போயின.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. 14 நாடுகளின் வரலாற்றை ஆராய்ந்த பொருளியலாளர்கள் மைக்கேல் போர்டோவும் கிறிஸ்டோபர் மெய்ஸ்னரும், கடன் பெருக்கம் நெருக்கடிக்கு இட்டுச்செல்வது உண்மை, ஆனால் அப்பெருக்கத்தை ஏற்றத்தாழ்வுதான் உண்டாக்குகிறது என்பதற்குப் பொதுவான சான்று இல்லை என 2012இல் எழுதினர். நியாயமான மறுப்புதான். ஆனால் நாட்டின் மொத்தக் கடனை மட்டும் பார்த்தால், யார் சேமித்தார், யார் கடன் வாங்கினார் என்பது மறைந்துவிடுகிறது. அதை வெளிக்கொணர, அமெரிக்காவில் 1913 முதல் சேர்ந்துவரும் வரிக் கணக்குகளைப் போன்ற பதிவுகள் ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும். பழைய பதிவேடுகளைத் தூசி தட்டித் தொகுக்கும் இந்தப் பொறுமையான வேலைக்கு, நாளைய பங்குச் சந்தையைக் கணிக்கும் ஆய்வுகளுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு பகுதியாவது ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.