முதலாளி சீருடையில் இருந்தால் கணக்கை எப்படிப் படிப்பது?

வெளிநாட்டில் கூட்டுத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்காக, எதிர்த்தரப்பு நிறுவனத்தின் கணக்குகளை அலசிச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டே கேள்விதான்: லாபம் வருகிறதா, கடன் எவ்வளவு? சில நாடுகளில் அவற்றுக்கு முன்பே இன்னொன்றைக் கேட்டாக வேண்டும். இந்தக் கம்பெனி கடைசியில் யாருக்குச் சொந்தம்? பங்குதாரர் பட்டியலில் ஒரு பெயர் இருக்கும். அதைத் துருவிக்கொண்டு போனால் ஒரு ஹோல்டிங் கம்பெனி, அதற்கும் மேலே முன்னாள் வீரர்களின் நலனுக்காக என்று ஓர் அறக்கட்டளை. இயக்குநர்கள் பட்டியலில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற பிரிகேடியர்கள், கர்னல்கள்.

ராணுவம் தொழில் நடத்துவது அபூர்வமான விஷயமில்லை. பாகிஸ்தானின் ஃபௌஜி ஃபவுண்டேஷன் 1954 முதல் இருக்கிறது. சட்டப்படி அது அறக்கட்டளை. கையில் இருப்பதோ உரம், சிமென்ட், மின்சாரம், வங்கி. விமானப்படைக்கு ஷாஹீன், கடற்படைக்கு பஹ்ரியா என்று தனித்தனியாக உண்டு. எகிப்து, இஸ்ரேலுடன் சமாதானம் செய்துகொண்ட 1979-ல் ராணுவத்தின் கீழ் தேசிய சேவைத் திட்டங்கள் அமைப்பைத் தொடங்கியது. பாட்டில் தண்ணீர், பாஸ்தா, பெட்ரோல் பங்க் வரை அது பரவிவிட்டது. இலங்கையில் காங்கேசன்துறை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் ‘தல்செவன’ என்ற உல்லாச விடுதியைத் தரைப்படையே நடத்தியது. அந்த வலயத்து நிலங்களுக்கு உரியவர்கள் பலர் அப்போது அகதி முகாம்களில் இருந்தார்கள்.

“யார் நடத்தினால் என்ன சார், பொருள் மலிவாகக் கிடைத்தால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அது ஏன் மலிவு என்பதை லாப நட்டக் கணக்கில் தேட வேண்டும். நான் பார்த்த ஒரு கணக்கில் நிலத்துக்கு வாடகை என்ற தலைப்பே இல்லை. சம்பளச் செலவில் மேலாளர்களும் டெக்னீஷியன்களும் மட்டும்தான் இருந்தார்கள். லாரி ஓட்டுபவர்கள், மூட்டை தூக்குபவர்கள் எங்கே என்று கேட்டேன். “அவர்கள் எங்கள் செலவில் வருவதில்லை” என்றார் அங்கிருந்த கணக்காளர், மிகச் சாதாரணமாக. கட்டாய ராணுவ சேவையில் வந்த இளைஞர்கள் அவர்கள். அவர்களுக்கான சாப்பாடும் சொற்பப் படியும் பாதுகாப்பு பட்ஜெட்டில் போகிறது. வரிப் பக்கத்திலும் விலக்கு. இந்த மூன்றையும் சந்தை விலைக்குப் போட்டுப் பார்த்தபோது ஆண்டு லாபம் நட்டமாக மாறியது. செலவு இல்லாமல் போகவில்லை, வேறு ஒருவர் கணக்கில் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

போட்டியாளர்களுக்கு இதனால் என்ன ஆகிறது என்பதற்கு எகிப்தின் சிமென்ட் தொழில் நல்ல உதாரணம். தேவைக்கு மேல் உற்பத்தித் திறன் ஏற்கெனவே குவிந்து கிடந்த சந்தை அது. 2018-ல் ராணுவ நிறுவனம் ஒன்று பெனி சுவெஃப் பகுதியில் ஆறு உற்பத்தி வரிசைகளோடு பிரம்மாண்டமான ஆலையைத் திறந்தது. அந்த ஆண்டே அரசின் சொந்த நேஷனல் சிமென்ட் கம்பெனியை மூட முடிவெடுத்தார்கள். அடுத்த ஆண்டு தூரா என்ற பழைய ஆலை உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. மின்சார, எரிபொருள் விலை உயர்வும் காரணம்தான், எல்லாப் பழியையும் ராணுவத்தின் மேல் போட முடியாது. ஆனால் தேவையே இல்லாத இடத்தில் புது ஆலை கட்டும் முடிவை, வங்கிக் கடனுக்கு வட்டி கட்டும் எந்த முதலாளியும் எடுத்திருக்க மாட்டார். 2022 இறுதியில் சர்வதேச நாணய நிதியத்திடம் 300 கோடி டாலர் கடன் கேட்டபோது, ராணுவ நிறுவனங்களும் நிதி அமைச்சகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது உடன்பாட்டில் இடம்பெற்றது. அதுவரை காட்டாமல் இருந்தார்கள் என்பதே பெரிய செய்தி!

எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. ஃபௌஜி ஃபெர்ட்டிலைசர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி. தணிக்கை செய்த ஆண்டறிக்கையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். வியட்நாமின் வியெட்டெல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கம்பெனி, ஆனாலும் பல நாடுகளில் மற்ற தொலைபேசி நிறுவனங்களோடு மோதித் தொழில் செய்கிறது. கணக்கு வெளியே இருக்கும் வரை ஓரளவுக்குப் பேச இடமுண்டு. அப்படி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

மியான்மரில் அந்த இடமும் கிடையாது. அங்கே எம்.ஈ.எச்.எல்., எம்.ஈ.சி. என்று ராணுவத்தின் இரண்டு பெரிய நிறுவனங்கள். இவற்றின் கிளைகளையெல்லாம் பட்டியல் போட்டு, வெளிநாட்டுக் கம்பெனிகள் விலகியிருக்க வேண்டும் என்று ஐ.நா. உண்மை அறியும் குழு 2019 ஆகஸ்ட்டிலேயே அறிக்கை கொடுத்தது. பலர் அதை அலமாரியில் வைத்தார்கள். 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நான்கே நாளில் ஜப்பானின் கிரின் நிறுவனம் எம்.ஈ.எச்.எல்.லுடனான பீர் கூட்டுத் தொழிலை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அறிவிப்புக்கு நான்கு நாள். உண்மையில் வெளியே வர 2023 ஜனவரி ஆகிவிட்டது. அதானி போர்ட்ஸ், யாங்கோனில் எம்.ஈ.சி.யிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தது. நார்வேயின் கே.எல்.பி. ஓய்வூதிய நிதி இதைச் சொல்லி அந்த நிறுவனத்தின் பங்குகளையே விற்றது. கடைசியில் 2023-ல் அந்தத் துறைமுகம் போட்ட பணத்தில் ஒரு பகுதிக்கு, 3 கோடி டாலருக்குக் கைமாறியது.

ராணுவத்தை வியாபாரத்திலிருந்து வெளியே எடுப்பதும் லேசில்லை. பட்ஜெட் போதாமல்தான் பல நாடுகளில் இது ஆரம்பிக்கிறது. சீனாவில் 1980-களில் அரசே ஊக்கப்படுத்தியது. கடத்தலும் ஊழலும் பெருகியபின் 1998 ஜூலையில் அதிபர் ஜியாங் ஜெமின் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொன்னார். ராணுவ பட்ஜெட்டையும் கூடவே உயர்த்த வேண்டியிருந்தது. இந்தோனேசியா 2004-ல் ஐந்து ஆண்டு கெடு வைத்துச் சட்டமே போட்டது, அதன் அமலாக்கம் அரைகுறைதான்.

அப்புறம், கையெழுத்துப் போடும் முன் என்ன செய்யலாம்? ஆலை நிற்கும் நிலத்தின் பத்திரம் யார் பெயரில் என்று பாருங்கள். குத்தகை என்றால் கொடுத்தவரையும் பாருங்கள். வெளித் தணிக்கையாளர் யார், அரசின் தணிக்கைத் துறைக்கு உள்ளே போக அனுமதி உண்டா என்று கேளுங்கள். டெண்டர் இல்லாமல் நேரடியாகக் கிடைத்த கான்ட்ராக்ட்கள் எத்தனை என்று தனியாக எழுதி வாங்குங்கள். அமெரிக்க, ஐரோப்பிய தடைப் பட்டியல்களில் தாய் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். தடை வந்த பிறகு உங்கள் வங்கியே பணத்தை நிறுத்திவிடும். ஒப்பந்தத்தில் வெளியேறும் பிரிவையும் வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்: உங்கள் பங்கை யாருக்கு விற்கலாம், விலையை யார் நிர்ணயிப்பார், தகராறு என்றால் எந்த நாட்டு நடுவர் மன்றம் விசாரிக்கும்.