மெட்டுக் கேட்டதும் ஏன் பசிக்கிறது? நுகர்வோர் கற்றல் பற்றிச் சில குறிப்புகள்

பின்னேரம் நாலரை மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையின் ஒழுங்கை ஒன்றில் நின்று பாருங்கள். பீத்தோவனின் பியானோ மெட்டை ஒலிபெருக்கியில் இசைத்தபடி பாண் விற்கும் ஓட்டோ காலி வீதியிலிருந்து திரும்பும்போதே மாடி வீடுகளின் கதவுகள் திறக்கத் தொடங்கிவிடும். வண்டி கண்ணில் படுவதற்கும் பணிஸின் வாசனை மூக்கை எட்டுவதற்கும் முன்பே பிள்ளைகள் சில்லறைக்காகத் தாயிடம் கை நீட்டுகிறார்கள். இரு நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் இயற்றப்பட்ட அந்த மெட்டுக்கும் பாணுக்கும் இயல்பாக எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இரண்டும் நாள்தோறும் சேர்ந்தே வந்ததால், மெட்டு ஒன்றே பசியைக் கிளப்பப் போதுமானதாகிவிட்டது.

ரஷ்ய உடலியலாளர் இவான் பவ்லோவ் நாய்களின் உமிழ்நீரை அளந்து விளக்கிய கற்றல் இதுவே. உணவோடு தொடர்பில்லாத ஓர் ஒலி, உணவுக்குச் சற்று முன்பாகத் திரும்பத் திரும்பக் கேட்டால், நாளடைவில் அந்த ஒலிக்கே வாயூறும். பாண் வண்டிக்காரர் பவ்லோவைப் படித்திருக்கத் தேவையில்லை. ஆனால் விளம்பரத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய நான் படித்தேன். என்னோடு பணியாற்றியவர்களும் படித்தார்கள். இந்த அறிவு எங்கள் தொழிலுக்குள் தற்செயலாக வந்ததுமல்ல. வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராயும் நடத்தைவாத உளவியலின் முன்னோடியான ஜோன் வொட்சன் 1920இல் பல்கலைக்கழகப் பதவியை விட்டு விலகி, நியூ யோர்க்கில் ஜே. வோல்ட்டர் தொம்சன் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து, 1924இல் அதன் துணைத் தலைவரானார். ஆய்வுகூடத்துக்கும் விளம்பரத்துக்கும் இடையிலான உறவுக்கு நூறு வயதாகிறது.

இவற்றை நுகர்வோர் அறிந்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் சொந்த விருப்பம் என்று நாம் எண்ணிக்கொள்வதில் பெரும் பகுதி கற்றுக்கொண்டது. கற்பித்தது யார், எப்படி என்று தெரிந்தால்தான் அந்தப் பாடத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்று நாம் தீர்மானிக்க முடியும்.

பொதுமைப்படுத்தலை எடுத்துக்கொள்வோம். ஒரு தூண்டலுக்கு, அதாவது ஓர் ஒலிக்கோ நிறத்துக்கோ, கற்ற துலங்கலை, அதாவது எதிர்வினையை, அதை ஒத்த வேறொரு தூண்டலுக்கும் காட்டுவது மனித இயல்பு. நம்பிக்கையான பெயரில் தேயிலை விற்கும் நிறுவனம் அதே பெயரில் பிஸ்கற்றையும் சந்தைக்கு விடுவது இந்த இயல்பை நம்பித்தான்; அதில் தவறில்லை. தவறு எங்கே தொடங்குகிறது என்பதை நான் நேரில் கண்டேன். எங்கள் விளம்பர நிறுவனத்துக்கு வேலை கொடுக்க வந்த வாடிக்கையாளர் ஒருவர், சந்தையில் முதலிடத்திலிருந்த சவர்க்காரப் பக்கற் ஒன்றை மேசையில் வைத்து, "இந்த நிறம், இந்த எழுத்து, இந்தப் பூ. பெயர் மட்டும் வேற" என்றார். அவசரத்தில் எடுப்பவர் மாறி எடுக்க வேண்டும் என்பதே அந்த வடிவமைப்பின் முழு நோக்கம். நான் மறுத்தேன், வேறொருவர் செய்து கொடுத்தார். புறக்கோட்டையிலிருந்து மொத்தமாக வாங்கி வரும் சிறு கடைகளின் தட்டுகளில் அசலும் நகலும் அருகருகே நிற்கும்போது, கண் மங்கிய முதியவர்களே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடைசெய்கிறது. அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பற்றுச்சீட்டைத் தவறாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்துக் கற்றலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட பிள்ளைகள் தாமும் அவ்வாறே அடித்ததை உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா 1961இல் காட்டினார். கிரிக்கெட் வீரர் கையில் சத்துமா பானக் கோப்பையைக் கொடுப்பவர்களும் அதே வழியில்தான் போகிறார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வெகுமதியால் வரும் கற்றலைப் பற்றி. பெற்றோருக்காக நடத்திய கலந்துரையாடல் ஒன்றில் ஆறு வயது மகனின் தாய் ஒருவர் சொன்னார்: "சேர், கடைக்குள்ள பேசாமல்தான் வாறான். காசு கட்டுற இடத்துக்கு வந்தவுடனதான் சொக்லேட்டுக்கு அழுகை." ஒவ்வொரு முறையும் வாங்கிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "எப்பவும் இல்லை. ஆக்கள் பார்க்கினம் எண்டால் வாங்கிக் குடுத்திடுவன்."

அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களிடம் கண்டது இதைத்தான். ஒவ்வொரு கொத்தலுக்கும் தானியம் பெற்ற புறா, தானியம் நின்றதும் விரைவில் ஓய்ந்துவிடும். எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்று அறியாத புறாவோ நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதியால் வேரூன்றும் பழக்கமே மிகவும் பிடிவாதமானது. அந்தத் தாய் அறியாமலேயே மகனுக்கு அதைப் பழக்கியிருந்தார். காசு கட்டும் இடத்தில், பிள்ளையின் கண் மட்டத்தில், சொக்லேட்டை அடுக்கியவர்கள் அறிந்தே அடுக்கினார்கள். கைத்தொலைபேசிச் செயலிகளில் வரும் சுரண்டிப் பார்க்கும் பரிசு அட்டைகளும் சுழலும் சக்கரங்களும் வளர்ந்தவர்களிடம் இதே வேலையைச் செய்கின்றன. இன்று ஐம்பது ரூபாய் கழிவு, நாளை ஒன்றுமில்லை, மறுநாள் இலவச விநியோகம் என்று வருவதால், தேவை இல்லாத நாளிலும் விரல் செயலியைத் திறக்கிறது.

இதிலிருந்து மீள முயல்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வெகுமதி நின்றதும் பழக்கம் உடனே தணிந்துவிடாமல், முதலில் உக்கிரமடையக்கூடும். பிள்ளை முன்னைவிட உரக்க அழலாம். செயலியை நிறுத்தியவருக்கு முதல் சில நாட்கள் கை பரபரக்கலாம். அந்த வேளையில் ஒரு முறை விட்டுக்கொடுத்தால், நீண்ட நேரம் உரக்க அழுதால் கிடைக்கும் என்ற புதிய பாடம் ஏறிவிடும். ஆகவே உறுதியாக நிற்க முடியாத நாளில் பிள்ளையை வீட்டில் விட்டுச் செல்லும்படி அந்தத் தாயிடம் சொன்னேன். செயலிப் பழக்கத்தை விட முயல்பவர்களிடம் அதன் அறிவித்தல்களை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன், ஏனெனில் தூண்டல் கண்ணில் படாதபோது துலங்கலை அடக்குவது எளிது.

பழையதை நிறுத்தினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் வேறொன்றைப் பழக்க வேண்டும். இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானங்களின் போத்தல்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும் என்ற விதி உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். ஆறு வயதுப் பிள்ளையாலும் வேறுபடுத்திக் கற்கக்கூடிய பாடம் இது. ஒவ்வொரு முறை நிறத்தைச் சரியாகச் சொல்லும்போதும் பாராட்டும்படியும், பச்சை என்றால் மட்டும் அவன் கையாலேயே கூடையில் போட விடும்படியும் அந்தத் தாயிடம் கேட்டுக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து அவர் அழைத்தார். இரண்டாவது முறை கடைக்குப் போனபோது அழுகை தாங்க முடியாததாக இருந்ததாம். கூடையைத் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு வெளியே வந்து நின்றாராம். இப்போது போத்தலைக் கையில் எடுத்ததும் அதைத் திருப்பி நிறத்தைத் தேடுகிறான் என்றார். சிவப்பென்றால், தாயின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, தானே திரும்ப வைக்கிறானாம்.