வழியில் ஏறி, வழியிலேயே மறைபவர்கள்

ஆள் நடமாட்டம் இல்லாத இரவுச் சாலை. ஓரமாக நிற்கும் ஒரு பெண் வண்டியை நிறுத்தி, வீட்டில் இறக்கிவிடச் சொல்கிறாள். முகவரியும் தருகிறாள். பின் இருக்கையில் ஏறியவள் வழியெல்லாம் அதிகம் பேசுவதில்லை. வாசலில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் இருக்கை காலி. கதவைத் தட்டினால் வயதான தாய் ஒருவர் திறக்கிறார். "அவளா? அவள் செத்துப் பல வருஷம் ஆச்சே" என்கிறார்.

இந்தக் கதையை உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவருக்கே நேர்ந்ததாக இருக்காது. அவருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்த ஒருவருக்கு நேர்ந்திருக்கும்.

1942-ல் ரிச்சர்ட் பியர்ட்ஸ்லி, ரோசலி ஹான்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதன் 79 வடிவங்களைத் திரட்டி, ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். நான்கு வகைகள் தேறின. சிலவற்றில் ஏறுபவர் ஒரு கிழவி. நடக்கப்போவதைச் சொல்லிவிட்டு மறைவாள். சிலவற்றில் அவர் ஒரு தெய்வம்; ஹவாய்த் தீவுகளில் எரிமலைத் தெய்வமான பெலே இப்படித்தான் வழியில் வந்து நிற்பாள். ஆனால் 79-ல் 49 கதைகள் முகவரி கொடுக்கும் வகை. வீட்டுக்குப் போக வேண்டும் என்கிற ஆவிதான் எண்ணிக்கையில் முந்தி நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை மோட்டார் வண்டியோடு பிறந்ததும் அல்ல. 1602-ம் ஆண்டு நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சுவீடன் கதையில் பனிச்சறுக்கு வண்டியில் ஏறிய பெண், நல்ல விளைச்சலும் போரும் கொள்ளைநோயும் வரும் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறாள். வண்டி எதுவானாலும் ஓட்டுபவரின் கண் முன்னால் இருக்கும் பாதையில் இருக்க வேண்டும். அதனால் இந்தக் கதைகளில் பயணி மறையும் கணத்தைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. திரும்பினால் இல்லை, அவ்வளவுதான். கதையின் அமைப்பிலேயே எனக்கு மிக வியப்பானது இதுதான்.

சரி, நேரில் பார்த்தேன் என்பவர்கள்? 1974-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், புளூ பெல் ஹில் என்ற இடத்தில் ஒரு சிறுமி மீது காரை மோதிவிட்டதாக ஓர் ஓட்டுநர் நள்ளிரவில் போலீஸ் நிலையத்துக்கு ஓடினார். போர்வையால் போர்த்தி ஓரமாகக் கிடத்திவிட்டு வந்ததாகச் சொன்னார். போலீசார் போய்ப் பார்த்தபோது போர்வை மட்டும் கிடந்தது. இப்படித் தாமாகவே காவல் நிலையத்துக்கு ஓடும் மனிதரைப் பொய்யர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு நேர்ந்தது என்னவென்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் இரவில் வண்டி ஓட்டும் எவருடைய மூளையும் என்னவெல்லாம் செய்யக்கூடும் என்பது தெரியும்.

மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவுபவை விழித்திரையின் குச்சி செல்கள். அவற்றால் நிறம் பிரிக்க முடியாது, நுணுக்கமும் தெரியாது. கிடைக்கும் அரைகுறைத் தகவலை வைத்து மூளை மீதியை ஊகிக்கிறது. அது முதலில் தேடுவது முகத்தையும் மனித உருவத்தையும்தான். ஒரு மைல்கல், ஒரு வெளிறிய புதர், விளக்கொளியில் நகரும் நிழல் எதுவும் ஒரு விநாடிக்கு ஆளாகிவிடும்.

அதோடு தூக்கமும் சேர்ந்தால் நிலைமை மோசம். களைத்த ஓட்டுநருக்குச் சில விநாடிகள் மட்டும் நீடிக்கும் நுண்ணுறக்கம் வரும். வந்து போனது பல நேரம் அவருக்கே தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி என்பது 110 மீட்டருக்கு மேல். விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவில் கனவின் துண்டுகள் கண் முன் வந்து நிற்கும். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வும் அப்போது வரக்கூடியதுதான்.

அந்த உணர்வை ஆய்வகத்திலேயே வரவழைத்திருக்கிறார்கள். 2014-ல் சுவிட்சர்லாந்தில் நரம்பியல் ஆய்வாளர் ஓலாஃப் பிளாங்கேயின் குழு, கண்ணைக் கட்டிய ஆரோக்கியமானவர்களைக் கையால் ஒரு கருவியை அசைக்கச் சொன்னது. அதே அசைவை ஒரு ரோபோ அவர்கள் முதுகில் திரும்பச் செய்தது. உடனுக்குடன் தொட்டபோது தங்கள் முதுகைத் தாங்களே தொடுவதாகத்தான் தோன்றியது. அரை விநாடி தாமதித்துத் தொட்டதும், பின்னால் வேறு யாரோ நிற்பதாகச் சிலர் உணர்ந்தார்கள். தன் உடலின் கணக்கை மூளை சற்றுத் தவறவிட்டாலே அங்கே இன்னொருவர் முளைத்துவிடுகிறார்.

ஆனால் இதனால் விளங்குவது உருவம் மட்டுமே. முகவரியும் தாயும் எங்கிருந்து வந்தார்கள்? சொல்பவர்களிடமிருந்து. பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர், அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களைப் படிக்கவைத்துத் திரும்பச் சொல்லவைத்தார். 1932-ல் முடிவுகளை வெளியிட்டார். பழகாத விவரங்கள் உதிர்ந்தன. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாக மாறியது. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. நினைவு தனக்குப் பழகிய அச்சில் கதையை வார்த்துக்கொண்டது. சாலையோரம் கண்ட வெறும் உருவமும் அப்படித்தான் வாய்மாறி வாய்மாறி, ஊருக்குத் தெரிந்த விபத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அதற்குப் பெயரும் வீடும் வந்துவிடுகின்றன.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் இஷினோமாகியில் ஒரு பல்கலைக்கழக மாணவி 100-க்கும் மேற்பட்ட டாக்சி ஓட்டுநர்களிடம் பேசினார். 7 பேர் இத்தகைய அனுபவத்தைச் சொன்னார்கள். ஒருவருடைய வண்டியில், குளிர்காலக் கோட்டு அணிந்த பெண் ஒருத்தி கோடைகாலத்தில் ஏறி, சுனாமி அடித்துச் சென்ற மினாமிஹாமா பகுதிக்குப் போகச் சொன்னாள். அங்கே இப்போது ஒன்றுமே இல்லையே என்றார் இவர். "நான் செத்துவிட்டேனா?" என்று நடுங்கும் குரலில் கேட்டாள். திரும்பினால் யாரும் இல்லை.

அந்த 49 கதைகளில் இருந்த அதே வேண்டுகோள்தான். ஆனால் இங்கே கதவைத் திறக்கத் தாய் இல்லை, தட்டுவதற்குக் கதவும் இல்லை. மீட்டர் ஓடிய கட்டணத்தை ஓட்டுநர்கள் தங்கள் கையிலிருந்தே கட்டினார்கள். பயமாக இல்லை, மறுபடி வந்து நின்றாலும் ஏற்றிக்கொள்வேன் என்றார் அவர்களில் ஒருவர்.