எடை குறைய வேண்டுமா? வீட்டுப் பலசரக்குச் சீட்டைக் கொண்டு வாருங்கள்

நாகர்கோவிலில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். எடை குறைக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களில் பலரும் ஏற்கெனவே ஒருமுறை குறைத்துக் காட்டியவர்கள்தான். பவுடரைக் கரைத்துக் குடித்து எட்டு கிலோ, சோற்றைத் தொடாமல் பத்து கிலோ என்று குறைத்திருப்பார்கள். ஒரு வருடத்துக்குள் அத்தனையும் திரும்ப ஏறியிருக்கும். "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்ல மேடம்" என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருவார்கள்.

அவர்களுடைய மனதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நாட்களில் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டால் பதில் ஒரே மாதிரி இருக்கும். குடும்பத்துக்கு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளை (மத்தி) மீன் குழம்பும், இவருக்கு மட்டும் தனியாக ஓட்ஸ். ஒரே அடுக்களையில் இரண்டு சமையல் எத்தனை நாள் ஓடும்? சமைக்கிறவருக்கும் சலித்துப்போகும், சாப்பிடுகிறவருக்கும் சலித்துப்போகும். ஒரு கல்யாணமோ கோயில் கொடையோ கிறிஸ்துமஸோ வந்துவிட்டால் ஓட்ஸ் டப்பா பரணுக்குப் போய்விடும்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. பட்டினி கிடந்தால் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பு கரையும்போது தண்ணீரும் சேர்ந்து வெளியேறிவிடுகிறது. அப்புறம் போதிய புரதம் இல்லாவிட்டால் தசையும் கரையும். எடை குறையக் குறைய, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, வயிறு நிறைந்த உணர்வுக்கு உதவும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறைந்துவிடுகிறது. இந்த நிலையில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் முன்பைவிட வேகமாகத் தடி வைக்கும். அதனால் வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும் என்று சொல்லிவிடுகிறேன். 80 கிலோ எடையுள்ள ஒருவர் 4 கிலோ குறைத்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்ற கேள்விக்கு யாராலும் முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. மறைக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, நினைவில் நிற்பதில்லை, அவ்வளவுதான். ஓர் அம்மா உறுதியாகச் சொன்னார்: "நான் ஒண்ணும் அதிகமா திங்கதில்ல மேடம். காலைல ஒரு சாயா, பதினோரு மணிக்கு நேத்தைய சோறு, அவ்வளவுதான்." பேசப் பேச மீதி வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் தட்டில் மிச்சம் கிடக்கும் அரைத் தோசை. குழம்பு கூட்டும்போது வாயில் போட்ட தேங்காய்த் துண்டு. சாயங்காலம் கணவருக்குச் சாயா போடும்போது தனக்கும் ஒரு தம்ளர், கூடவே ஒரு கைப்பிடி ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ். ராத்திரி பானையில் ஒட்டியிருக்கும் சோற்றைக் கொட்ட மனசு வராமல் தின்றது. நம் வீடுகளில் தாய்மார்களின் சாப்பாட்டில் பாதி இப்படி நின்றுகொண்டே நடந்துவிடுகிறது. அதை அவர்களே சாப்பாடாகக் கணக்கு வைப்பதில்லை. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், தனக்கென்று ஒரு தட்டில் எடுத்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த அம்மாவுக்கு முதல் மாதம் நான் சொன்னது இந்த இரண்டை மட்டும்தான்.

நினைவை நம்ப முடியாது என்பதால்தான் பலசரக்குச் சீட்டைக் கேட்கிறேன். ஒரு மாதத்துக்கு வீட்டில் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ சீனி, எத்தனை தேங்காய் என்று பார்த்தால் போதும், அந்த வீட்டுச் சாப்பாடு கண்முன் வந்துவிடும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் மாதம் 5 கிலோ சீனி தீர்கிறது என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல் வருகிறது. பேக்கரியில் வாங்கும் கேக்கும் கடைச் சாயாவும் இதில் சேரவில்லை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே வீட்டில் சீட்டில் 3 கிலோ என்று எழுதினால் கணக்கு அந்த 25 கிராமில் வந்து நிற்கும்.

எண்ணெயும் அப்படித்தான். நான்கு பேருக்கு மாதம் 4 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 மில்லி, அதாவது 270 கலோரிக்கு மேல். இரண்டரை லிட்டராகக் குறைத்தால் ஆளுக்கு நூறு கலோரியாவது மிச்சம். யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, யாருக்கும் தனியாக உலை வைக்க வேண்டியதில்லை. மீன் பொரிப்பது வாரத்தில் ஒரு நாள், மற்ற நாட்களில் குழம்பு அல்லது வாழையிலையில் வைத்துச் சுட்டது என்று வைத்துக்கொண்டாலே இந்த அளவுக்கு வந்துவிடலாம். ஒரே மாதத்தில் பாதியாக வெட்டிவிடாதீர்கள். வீட்டில் சண்டைதான் வரும். மாதம் அரை லிட்டர் குறைத்தால் நாக்கும் மெல்லப் பழகிக்கொள்ளும்.

தேங்காயை விடச் சொல்ல மாட்டேன். தேங்காய் அரைக்காத சமையலைக் குமரி மாவட்டத்து வீட்டில் நடத்தச் சொல்வது நடக்காத காரியம். ஆனால் துருவிய தேங்காய் 100 கிராமில் சுமார் 350 கலோரி இருக்கிறது, பெரும்பாலும் கொழுப்பு. ஒரே நேரத்தில் தேங்காய் அரைத்த குழம்பு, தேங்காய் போட்ட துவரன் (பொரியல்), தேங்காய்ச் சம்மந்தி (துவையல்) என்று மூன்றிலும் வேண்டாம். குழம்பில் அரைத்தால் துவரனுக்கு ஒரு சிட்டிகை போதும். தேங்காயை வறுத்து அரைக்கும் தீயல் குழம்பு வைக்கும் நாளில் கூடவே ரசமும் கீரையும் இருக்கட்டும்.

மரச்சீனி பற்றிக் கேட்காதவர்களே இல்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்குக் கைகொடுக்கும் என்று இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது இந்தப் பகுதி மக்களின் வயிற்றைக் காத்ததும் இதுதான். மண்வெட்டி பிடித்தவர்களும் பனை ஏறியவர்களும் வலை இழுத்தவர்களும் சாப்பிட்ட சாப்பாடு. அந்த உழைப்புக்கு அந்த அளவு சரியாக இருந்தது. இன்று கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவருக்கும் அதே அளவு கிழங்குதான் தட்டில் விழுகிறது. உழைப்பு குறைந்த அளவுக்குத் தட்டு குறையவில்லை. 100 கிராம் கிழங்கில் 38 கிராம் அளவுக்கு மாவுச்சத்து, புரதமோ ஒன்றரை கிராம்கூடத் தேறாது.

அதனால் நான் சொல்வது இதுதான்: கிழங்கு தின்கிற நாளில் அந்த நேரத்துக்குச் சோறு கிடையாது. சாயங்காலம் கிழங்கைச் சாயாவோடு சாப்பிட்டுவிட்டு, ராத்திரி வழக்கம்போலச் சோறும் சாப்பிடுவதில்தான் எடை ஏறுகிறது. கிழங்கில் ஒரு பங்கைக் குறைத்து மீனில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். சாளையில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் புரதம் உண்டு, இதயத்துக்கு நல்ல ஒமேகா 3 கொழுப்பும் உண்டு. புரதம் இருந்தால் சீக்கிரம் பசிக்காது, எடை குறையும்போது தசையும் அதிகம் கரையாது. விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முட்டையும் சிறுபயறும் இருக்கவே இருக்கின்றன. புட்டும் பயறும் பப்படமும் நல்ல காலைச் சாப்பாடு. இரண்டு கட்டிப் புட்டுக்கு ஒரு கரண்டிப் பயறு என்பதை ஒரு கட்டிப் புட்டுக்கு இரண்டு கரண்டிப் பயறு என்று மாற்றிவிடுங்கள்.

இங்கே சில தவறான நம்பிக்கைகளும் உண்டு. சிவப்புச் சம்பா அரிசி நல்லது, நார்ச்சத்து கூடுதல். ஆனால் கலோரியில் வெள்ளைச் சோற்றுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான். சீனியை நிறுத்திவிட்டேன் என்று நாலு வேளை கருப்பட்டிக் காப்பி குடிப்பவர்களுக்கு எடை குறையவே இல்லை என்று ஆதங்கம் வருவது இதனால்தான். பெரிய ஏத்தம்பழம் ஒன்றில் ஏறக்குறைய ஒரு கப் சோற்றின் மாவுச்சத்து இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பழம் வேண்டும் என்கிறவர்களுக்கு நம் மட்டிப்பழம் ஒன்று போதும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், அளவிலும் சிறியது.

எடை எந்திரத்தைத் தினமும் பார்க்க வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். கூடவே ஒரு டேப்பை எடுத்து இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்க வேண்டும். நம்மவர்களுக்கு உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் BMI கணக்கு) 23 தாண்டினாலே எடை கூடுதல், 25 தாண்டினால் உடல் பருமன் என்றுதான் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பார்வைக்கு ஒல்லியாகத் தெரிந்து தொப்பை மட்டும் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள், சட்டென்று குறைக்கவும் செய்யாதீர்கள். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவது உயிருக்கே ஆபத்து. காரணமில்லாமல் எடை ஏறுகிறவர்கள், மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் தைராய்டு முதலானவற்றைப் பரிசோதித்துவிட்டு வருவது நல்லது.

கல்யாண வீட்டுக்கு எப்படிப் போவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். மத்தியானம் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று காலையில் பட்டினி கிடக்காதீர்கள், பந்தியில் கை நிற்காது. காலையில் பயறோ முட்டையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இலையில் அவியலையும் துவரனையும் முதலில் முடியுங்கள், சோறு அப்புறம். பாயசம் இரண்டு வகை என்றால் பிடித்த ஒன்றை வாங்கி ரசித்துக் குடியுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். மறுநாள் எடை ஒரு கிலோ கூடக் காட்டலாம். அதில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர்தான், மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பயந்து அன்றைக்குப் பட்டினி போடாதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் வைத்த புட்டையும் பயறையும் வழக்கமான அளவில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள்.